நகப்பூச்சு துடைத்த ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தை வீட்டுக் குசினி வாசலில் இருந்து நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கம் ரயில் போனது. குண்டு வெடித்தால் சிதறாமல் இருக்கட்டும் என்று குறுக்கும் நெடுக்கும் ஒட்டுநாடா ஒட்டிய யன்னல் கண்ணாடிகள் வழக்கம்போல அதிர்ந்து அடங்கின.

மறுநாள் பின்னேரம் தெஹிவளையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "இந்தச் சிவப்போட அவையளுக்கு முன்னால வந்து நிண்டியெண்டா என்ர மானம் போகும்," என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம், மானமும் வேண்டாம் என்ற மனநிலை. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மாவின் வாயை அடைப்பதற்காகத்தான் கைப்பையில் மிஞ்சிக் கிடந்த ரிமூவர் போத்தலைத் திறந்தேன்.

பஞ்சை நனைத்துப் பெருவிரலைத் துடைத்தேன். சிவப்பு போய்விட்டது. விரல் வழுக்கியது. இன்னொரு விரலையும் துடைத்துப் பார்த்தேன். அதுவும் வழுக்கியது.

எண்ணெய்.

நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில், எங்கள் லாப்பில், புழங்கும் அசற்றோன் என்ற கரைப்பான் கையில் பட்டால் தோலிலுள்ள பசையையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். விரல் வெளுத்து, காய்ந்து, சொரசொரக்கும். இது அப்படி இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக் கழுவாத கை மாதிரி இருந்தது.

பஞ்சு கையிலேயே இருக்க துள்ளி எழுந்தேன். ஒரு ரிமூவர் போத்தலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல இந்த வாரப் பத்தி முழுவதும் எனக்குத் தேவை.

பல் வைத்தியசாலை மணம்

சென்ற வாரப் பத்தியில் எங்கள் தொழிற்சாலைக் கன்ரீன் பருப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் இரசாயனம் எப்போது வரும்?" என்று கேட்டிருந்தார். வந்துவிட்டது அம்மணி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால், துறைமுக லொறிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பும் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது எங்கள் தொழிற்சாலை. செருப்பும், சப்பாத்துகளுக்குக் கீழே ஒட்டும் அடியும் செய்தார்கள். அதன் பின்கட்டில் ஒரு சின்ன லாப். அதில் நானும் பாலேந்திரனும்.

பாலேந்திரன் வன்னியிலிருந்து வந்தவன். என்னைவிட மூன்று நான்கு வயது குறைவு. பட்டம் முடித்துவிட்டுக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தான். மெலிந்த உடம்பு, கனமான குரல். மேசையில் எதை வைத்தாலும் விளிம்போடு நேராக வைப்பான். அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. ஒரேயொரு ஆராய்ச்சிக்காக எடுத்த ஆள். அந்த ஆராய்ச்சி இருக்கும்வரை கொம்பனி அவனுக்கு ஒரு கடிதம் கொடுத்தது, இவர் இங்கே வேலை செய்கிறார் என்று.

அந்தக் கடிதத்தின் பெறுமதியை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். லொட்ஜில் பொலிஸ் வந்து தட்டினால் கேட்கும் முதல் கேள்வி, கொழும்பில் உனக்கு என்ன அலுவல் என்பதுதான். பதில் இல்லாதவன் ஒன்று உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போகவேண்டும். அவன் ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஆராய்ச்சி சரிவந்தால் பாலா கொழும்பில் இருப்பான். சரிவராவிட்டால் இல்லை.

ஆராய்ச்சி இதுதான். இறப்பரும் கடினமான பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டாது. எப்படிக் கலந்தாலும் கொஞ்ச நாளில் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். ஒரே மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு நீளம் இறப்பராகவும் அடுத்த நீளம் பிளாஸ்டிக்காகவும் உள்ள பொருள். பாடப்புத்தகத்தில் இதற்கு நாக்குச் சுளுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. நாங்கள் 'புளொக் கோபொலிமர்' என்போம், அவசரத்துக்கு வெறும் 'புளொக்'.

பெரிய நாடுகளில் இதை ஒரு தூசி, ஒரு துளி ஈரம் இல்லாத கண்ணாடிக் குழாய்களுக்குள் செய்வார்கள். எங்களிடம் இருந்தது இறப்பரை மெல்லும் ஒரு சின்ன இயந்திரம். அது போதும் என்பதுதான் பாலாவின் யோசனை. வெள்ளைக் கிறேப் இறப்பரைத் துண்டுதுண்டாக வெட்டி, பிளாஸ்டிக்கின் மூலத் திரவத்தில் ஊறவைப்போம். பல் கட்டும் இடங்களில் மூக்கில் ஏறுமே ஒரு மணம், அதே திரவம்தான். பிறகு இயந்திரத்துக்குள் போட்டு இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றை நைதரசனால் துரத்திவிட்டு அரைப்போம்.

அரைபடும்போது இறப்பர்ச் சங்கிலிகள் அறுகின்றன. அறுந்த நுனி சும்மா இருக்காது, பக்கத்தில் அகப்பட்டதைப் பிடிக்கும். ஒட்சிசன் இருந்தால் அதைப் பிடித்து அங்கேயே செத்துப்போகும். ஒட்சிசன் இல்லையென்றால் அந்தத் திரவத்தைப் பிடித்து, அதை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக நீளும். நைதரசன் சிலிண்டர் ஒன்றைக் கொழும்புக்குள் கொண்டுவர எத்தனை பேரின் கையைக் காலைப் பிடித்தோம் என்பது தனிக்கதை.

முகம் தெரியுதா?

செய்தாயிற்று. ஆனால் செய்தது புளொக்கா, வெறும் கலவையா? கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டிதான். இதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

பாலாவுக்குப் பிடித்த சோதனை ஒன்று இருந்தது. கட்டியைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவிடுவான். காய்ந்ததும் ஒரு தாள்போல உரிந்து வரும். வெறும் கலவையென்றால் அந்தத் தாள் பால்போல வெளுத்திருக்கும், ஏனென்றால் இறப்பர் ஒரு பக்கமும் பிளாஸ்டிக் ஒரு பக்கமுமாகத் திட்டுத்திட்டாக ஒதுங்கிவிடும். இரண்டும் ஒரே சங்கிலியில் பிணைந்திருந்தால் விலகிப் போக வழியில்லை. தாள் தெளிவாக இருக்கும்.

தெளிவைப் பார்க்க அவன் தாளைப் பத்திரிகைமேல் விரிப்பான். எழுத்துத் தெரிந்தால் போதும் என்பேன் நான். அவனுக்குப் போதாது. மரண அறிவித்தல் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருக்கும் படங்களின்மேல் விரிப்பான். "எழுத்தெண்டா மனம் பழக்கத்தில வாசிச்சுப்போடும் அக்கா. தெரியாத ஆக்களின்ர முகம் தெரியவேணும். அப்பதான் கிளியர்."

அந்தப் பக்கத்துக்கு அந்தக் காலத்தில் பஞ்சமே இருக்கவில்லை.

முதல் தாள் உரிந்து வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். கீழே யாரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர், நெற்றியில் திருநீறு, ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி. எல்லாம் தெரிந்தது. பாலா தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, திரும்பவும் விரித்து, "முகம் தெரியுதா பாருங்கோ," என்றான்.

"தெரியுது. ஆனா இது காணாது பாலா," என்றேன். "தாள் மெல்லிசெண்டாலும் தெரியும். நிறை வேணும்."

நான் தராசை நம்புகிறவள். இன்றைக்கும் அப்படித்தான்.

நானாவின் கடையில் ஒரு கலியாணப் பெண்

நிறை எடுக்கும் முறை இது. கட்டியைச் சிறிதாக வெட்டி ஒரு காகிதக் கூட்டுக்குள் வைத்து, மேலிருந்து கரைப்பானைச் சொட்டவிட்டுக் கழுவுவோம். கீழே ஒரு குடுவையில் கரைப்பான் கொதித்து, ஆவியாகி, மேலே குளிர்ந்து, கூட்டுக்குள் சொட்டி, கழுவியதை எடுத்துக்கொண்டு திரும்பவும் குடுவைக்கே போகும். நாள் கணக்கில் இது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒட்டாமல் தனியே நின்ற இறப்பரை ஒரு கரைப்பான் கொண்டுபோகும். ஒட்டாத பிளாஸ்டிக்கை அசற்றோன் கொண்டுபோகும். இரண்டாலும் பிடுங்க முடியாமல் கூட்டுக்குள் மிஞ்சுவதுதான் புளொக்.

அந்த நேரம் பார்த்து அசற்றோன் வருவது நின்றுவிட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். அதற்குமேல் கேள்வி கேட்கத் தமிழர் இரண்டு பேருக்கு ஆசை வருமா?

வழி கண்டுபிடித்தவள் நான்தான். நகப்பூச்சு துடைக்கும் ரிமூவர் அசற்றோன்தானே. சாயம் போட்டதை விட்டுவிட்டுத் தண்ணீர்போலத் தெளிந்த போத்தல்களாகப் பார்த்து வாங்கினோம். ஒரு கடையில் நிறைய வாங்கினால் சந்தேகம் வரும் என்று காலி வீதி நெடுக ஒவ்வொரு ஃபான்ஸி கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்கார முஸ்லிம் நானா என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, ஊட்டுல கலியாணமா?" என்றார்.

"ஓம் நானா."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்." வேறு என்ன சொல்ல? அவர் ஒரு போத்தல் நகப்பூச்சையும் சேர்த்துப் பையில் போட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டார். நல்ல மனிதர். பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சிவப்பு அடுத்த நாளே உதவிக்கு வந்தது. கொட்டாஞ்சேனைச் சந்திச் செக் பொயின்றில் பையைத் திறந்த ஆமிக்காரப் பெடியன், வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்து, "மே மொனவத?" இவை என்ன என்று கேட்டான். சிங்களத்தில் சொன்னேன், நகப்பூச்சு துடைக்கிறது என்று. அவன் என் விரல்களைப் பார்த்தான். பத்தும் வெறுமையாக இருந்தன. நல்லவேளை, நானா தந்த போத்தல் பையின் அடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். இனிமேல்தான் பூசப் போகிறேன் என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

லாப்புக்குப் போனதும் முதல் வேலையாகப் பூசினேன். வாழ்க்கையில் முதல் தடவை. பாலா பார்த்துவிட்டு, "அக்கா, புளொக்குக்காக இப்பிடியொரு தியாகமோ!" என்றான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அதன்பிறகு என் நகங்கள் எப்போதும் சிவப்பு. நுனி உதிர்ந்தால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. துடைப்பது மட்டும் கிடையாது. ஒவ்வொரு துளி ரிமூவரும் குடுவைக்குப் போகவேண்டும் என்பதில் நான் அவ்வளவு கஞ்சத்தனமாக இருந்தேன்.

தராசு சொன்னது

கூட்டுக்குள் மிஞ்சியதை நிறுத்திருக்க வேண்டும். ஆனால் அது கரைப்பானைக் குடித்து ஊதியிருக்கும். அவண் என்ற மின்சார அடுப்புக்குள் வைத்து நிறை மாறாமல் வரும்வரை உலர்த்தவேண்டும். அந்த வருடம் மழை பொய்த்து, மின்வெட்டு. அவண் சூடேறுவதற்குள் கரன்ட் போகும். ஆகவே கீழே குடுவையில் சேர்ந்ததை வற்றவைத்து நிறுத்தோம். எவ்வளவு கழுவுப்பட்டு வந்தது என்று தெரிந்தால் எவ்வளவு மிஞ்சியது என்று கணக்குப் போடலாம்தானே.

கணக்கு வயிற்றில் அடித்தது. போட்ட பிளாஸ்டிக் கிட்டத்தட்ட முழுவதும் குடுவைக்குள் வந்துவிட்டது என்றது தராசு. அப்படியென்றால் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. வெறும் கலவை.

"அப்ப ஏன் தாள் கிளியரா இருக்கு?" பாலா அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். "கலவையெண்டா வெளுக்கவேணுமே அக்கா."

மூன்று தடவை திரும்பச் செய்தோம். மூன்று தடவையும் தராசு அதையே சொன்னது.

வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். சத்தம் போடுகிறவர் இல்லை. எங்கள் நிறைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராஜி, நீங்களே சொல்லுங்க. இது வேலை செய்யுதா?"

பாலா பக்கத்தில் நின்றான். நான் தராசு சொன்னதைச் சொன்னேன். வேறு எதைச் சொல்ல?

"அப்ப குளோஸ் பண்ணுவம்," என்றார். பாலாவைப் பார்க்காமல், "ஸொரி தம்பி," என்றார்.

சனிக்கிழமை காலை பாலா தன் சாமான்களை எடுக்க வந்தான். மேசையில் இருந்தவற்றை விளிம்போடு நேராக்கிவிட்டு, அந்த முதல் தாளை மட்டும் ஒரு பைலுக்குள் வைத்துக்கொண்டான். "இதை நான் கொண்டு போகட்டே?" என்று கேட்டான். அன்று இரவே வவுனியா போவதாகச் சொன்னான். அங்கே மாமா ஒருவருக்குக் கடை இருக்கிறது, ஆமியின் அனுமதிப் பாஸ் கிடைக்கும்வரை நின்றுவிட்டு வன்னிக்குள் போவான். கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தான். கவனமாகப் போம் என்றுகூட நான் ஒழுங்காகச் சொல்லவில்லை.

வழுக்கிய விரல்

இனி அந்தக் குசினி வாசல் உங்களுக்கு விளங்கும்.

ரிமூவருக்குள் எண்ணெய் கலக்கிறார்கள், நகம் காய்ந்துபோகாமல் இருக்க. நகம் பூசித் துடைத்து வளர்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், இது கை வழுக்கும் என்று. வாரக்கணக்காகப் பூசியும் நான் ஒருநாள்கூடத் துடைத்ததில்லை. அசற்றோன் கொதித்து ஆவியாகி மேலே போகும். எண்ணெய் போகாது. அது குடுவைக்குள்ளேயே இருந்து, கழுவி வந்த பிளாஸ்டிக்கோடு சேர்ந்து, தராசில் பிளாஸ்டிக்காக உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை கதவு திறக்க முன்பே லாப் வாசலில் நின்றேன். கூடுகள் எல்லாம் ஈரம் உறிஞ்சும் உலர்த்திச் சாடிக்குள் அப்படியே இருந்தன. கரன்ட் இருந்த நேரம் பார்த்து அவணில் வைத்து, குளிரவிட்டு, நிறுத்தேன். அவசரத்தில் தராசுக் கதவை இரண்டு தடவை மூடவேண்டி வந்தது.

போட்ட பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் கூட்டுக்குள் இருந்தது. எதனாலும் பிடுங்க முடியாமல், இறப்பரோடு.

மனேஜரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார், இரண்டு கேள்விகள் கேட்டார், விளங்கிக்கொண்டார். "வெரி குட் ராஜி. அப்ப திரும்பத் தொடங்குவம்."

"பாலாவுக்குச் சொல்லவா சேர்? வவுனியாவிலதான் நிக்கிறான். கடிதம் ஒண்டு குடுத்தா வந்திடுவான்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அந்தத் தம்பியப் பத்தி பொலிஸ்ல இருந்து ஃபோன் பண்ணினாங்க. நானும் தமிழன்தான் ராஜி. அதாலதான் பயம். நீங்க தொடங்குங்க. ஹெல்ப்புக்கு வேற ஆள் எடுப்பம்."

அன்று அந்த மனிதரை எனக்கு அடிக்கவேண்டும் போல இருந்தது. இன்று நினைத்தால் அவர் பேசமுன் கதவைச் சாத்தியதுதான் ஞாபகம் வருகிறது. அதற்காகக் கோபம் குறையவில்லை.

மதியம் வவுனியாக் கடைக்கு எடுத்தேன். பாலாவைக் கூப்பிட ஆள் போய், அவன் வந்து, மூச்சு வாங்க "அக்கா" என்றான். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். கூட்டு நிறையைச் சொன்னேன்.

"அப்ப பிடிச்சுத்தான் இருந்திருக்கு," என்றான்.

"ஓம் பாலா."

"ஆராய்ச்சி திரும்பத் தொடங்குதோ?"

"தொடங்குது."

அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "கடிதம் தரமாட்டாராம் பாலா."

"பரவாயில்லை அக்கா," என்றான், உடனேயே, அதை எதிர்பார்த்திருந்தவன்போல. "நான் சொன்னனான்தானே, தாள் கிளியரா இருக்கெண்டு."

அந்த வாரமே பாஸ் கிடைத்து வன்னிக்குள் போய்விட்டான். பிறகு பாதை மூடியது. கடைத் தொலைபேசியும் நின்றுபோனது. தெஹிவளை மாப்பிள்ளை வீட்டார் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் புளொக் நல்ல பெயரெடுத்தது. அதில் செய்த சப்பாத்து அடிகள் பிரியாமல் உழைத்தன.

கண்ணாடி இல்லாத படம்

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு அவன் ஊருக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, புதிதாக மெழுகிய நிலம். அவனுடைய தங்கை என் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டாள். "நகம் பூசின அக்காவோ?" என்று கேட்டாள். நான் என் வெறும் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

கடைசி மாதங்களில், இடம்பெயர்ந்திருந்த இடத்தில், தண்ணீர் எடுக்கப் போனவன்மேல் ஷெல் விழுந்திருக்கிறது. அவள் அழாமல் சொன்னாள். என்னால் முடியவில்லை.

உள்ளே சுவரில் அவன் படம் இருந்தது. பட்டம் வாங்கியபோது எடுத்தது. சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை.

"ஓடேக்க கண்ணாடி உடைஞ்சுபோச்சு அக்கா," என்றாள் தங்கை. "அண்ணன்ர பைலுக்குள்ள இப்பிடியொரு தாள் கிடந்தது. எங்க இடம்பெயர்ந்தாலும் அதைக் காவிக்கொண்டு திரிஞ்சவர். எனக்கு என்னெண்டு தெரியாது. தூசி படாமல் இருக்கட்டுமெண்டு மேல வச்சு ஒட்டினனான்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். தாள் மஞ்சளடித்திருந்தது. ஓரங்கள் பிசுபிசுத்து, ஒரு மூலை வெடித்திருந்தது. காற்று பட்டால் இறப்பர் அப்படித்தான் போகும், அதற்கு மருந்து இல்லை.

"மங்கிப்போச்சு அக்கா," என்றாள் அவள். "கழட்டிப்போட்டு நல்ல கண்ணாடி ஒண்டு போடவேணும். ஆள் சரியாத் தெரியுதில்லை, என்ன?"

"தெரியுது," என்றேன். "கழட்டாதேங்கோ. முகம் தெரியுது."